பெரியவன் வரட்டும் என்றார்கள்

பண்டார் தெங்காரா
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் ஹேமநாதனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் நலம், அங்கே நீயும் மருமகள் கஸ்தூரியும் நலமாக இருக்க மாரியம்மன் துணை நிற்கட்டும். நலம் என்று எழுதுவதுதான் முறை, அதனால் எழுதினேன். உள்ளதைச் சொன்னால் எனக்கு இரத்தக் கொதிப்பு ஏறிக் கிடக்கிறது, கிளினிக்கில் உப்பைக் குறைக்கச் சொன்னார்கள், நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன் இது உப்பால் வந்ததில்லை, பெற்ற பிள்ளையால் வந்தது என்று. இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று சிரிப்பாய். சிரி. போனில் கூப்பிட்டால் மீட்டிங் என்கிறாய், எழுதி அனுப்பினால் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறாய், குரலில் பேசி அனுப்பினால் அதை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டிக் கேட்கிறாயாம், கஸ்தூரியே வாய்தவறிச் சொல்லிவிட்டாள். என் பேச்சு கோழி கொக்கரிக்கிற மாதிரி கேட்குமாமே. கடிதத்தை அப்படி ஓட்ட முடியாது, உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். நடுவில் எழுந்து போகாதே.

விஷயத்துக்கு வருகிறேன். உன் மணியம் சித்தப்பா படத்துக்குப் போட்ட மாலைகூட இன்னும் முழுதாகக் காயவில்லை. அதற்குள் புதன்கிழமை காலையில் குடும்பக் குழுவில் நீ ஒரு செய்தி போட்டாய். மனுஷர் சாகக் கிடந்த நேரத்தில் உறுப்பைக் கொடு என்று சித்தியைப் போட்டு நச்சரித்திருக்கிறார்கள், ஆஸ்பத்திரி மேல் புகார் எழுதப் போகிறேன், சுகாதார அமைச்சுவரை போவேன், நல்ல வேளை நான் தடுத்தேன், என் சித்தப்பா முழு உடம்பாகப் போய்ச் சேர்ந்தார் என்று. உடனே காளியம்மா அத்தை கைகூப்புகிற படமாக அனுப்பித் தள்ளினார். தம்பியைப் பறிகொடுத்த அக்கா, அவரை விடு. உன் சித்தி யோகேஸ்வரி அதைப் படித்தாள். உடனே குழுவை விட்டு வெளியே போய்விட்டாள். கணவனைப் பறிகொடுத்தவள் ஏன் போனாள் என்று உங்களில் ஒருத்தருக்காவது கேட்கத் தோன்றியதா? மத்தியானம் பிரேமலா எனக்குப் போன் போட்டு, “பெரியம்மா, அம்மா சோறு தின்ன மாட்றாங்க, அண்ணன் கம்ப்ளேன் பண்ணா என்னாவும் என்னாவும்னு அதையே கேட்டுக்கிட்டு இருக்காங்க” என்று அழுதாள். பாவம், அப்பன் போன பிறகும் அந்தப் பிள்ளை இருட்டோடு எழுந்து சிங்கப்பூருக்குப் பஸ் ஏறுகிறது, வீட்டுக்கு வந்தால் அம்மா இப்படி. ஆகையால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் புகாரை எழுதாதே. எழுதி வைத்திருந்தால் அனுப்பாதே. ஏன் என்று கடைசிவரை படித்தால் உனக்கே தெரியும், அதற்குப் பிறகும் அனுப்ப மனம் வந்தால் நீ என் பிள்ளை இல்லை என்று நினைத்துக்கொள்கிறேன்.

நச்சரித்தார்கள் என்கிறாயே, யார் நச்சரித்தது? கேட்டவளே உன் சித்திதான். யாரும் அவளிடம் வரவில்லை. அவளாக எழுந்து போய், வார்டு வாசலில் இருந்த நர்ஸ் மிஸ்ஸியிடம், என் வீட்டுக்காரர் உறுப்பு தானத்துக்குப் பதிந்து வைத்திருக்கிறார், நான் யாரைப் பார்க்க வேண்டும் என்று தனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் கேட்டாள். அதற்குப் பிறகுதான் அந்த வேலைக்கென்று இருக்கிற இன்னொரு மிஸ்ஸி வந்தார். சித்தப்பா பதிந்து வைத்தது உனக்குத் தெரியாத விஷயமா? கூலாயில் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிற மனுஷர், ஓய்வு நாளில் சும்மா கிடக்க மாட்டாமல் டயாலிசிஸ் நிலையத்துக்கு ஆட்களை ஏற்றி இறக்குகிற வேனையும் ஓட்டினாரே. “போறப்ப கதையடிச்சிக்கிட்டு வர்ற ஆளுங்க, திரும்பறப்ப தலைய சாய்ச்சிக்கிட்டு வருவாங்க அண்ணி, பாக்க முடியாது” என்று என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அந்த வேனில் பாலர்பள்ளி ஆசிரியை ஒரு சின்னப் பெண் முன்சீட்டில் உட்கார்ந்து வருவாளாம். ஒரு நாள் அந்த சீட் காலியாக இருந்தது. அன்று இங்கே வந்தவர் நான் வைத்த மீன்குழம்பைத் தொடவில்லை. அந்த வாரமே வேனுக்குள் உட்கார்ந்து போனில் பதிந்துவிட்டு, தீபாவளிக்கு வந்து எல்லோரிடமும் போனைத் தூக்கிக் காட்டினார். நீயும் லீட்ஸிலிருந்து வீடியோவில் இருந்தாய். “சித்தப்பா, உங்க ஈரல சும்மா குடுத்தாலும் யாரும் வாங்க மாட்டாங்க” என்று நீதான் கிண்டல் பண்ணினாய், அவர் விழுந்து விழுந்து சிரித்தார். மறந்துவிட்டதா? எனக்கு மறக்கவில்லை.

நீ வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது, உனக்குக் கதை சொன்னவர்கள் அவரவர் பங்குக்கு உப்புப் புளி சேர்த்துச் சொன்னார்கள். நடந்ததை நான் சொல்கிறேன். பஸ் நிற்கிற இடத்தில் விழுந்தவரை ஜொகூர் பாரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம், தலைக்குள் இரத்தக் குழாய் வெடித்துவிட்டது. இரண்டு பெரிய டாக்டர்கள் தனித்தனியாகச் சோதித்தார்கள், இடைவெளி விட்டு மறுபடியும் சோதித்தார்கள், அதற்குப் பிறகு எங்களை உட்கார வைத்து, மூளை இறந்துவிட்டது, இது மயக்கம் இல்லை, மரணமேதான், நெஞ்சு ஏறி இறங்குவது மெஷினால் என்று சொன்னார்கள். உன் அப்பா தம்பி கையைப் பிடித்துக்கொண்டு, “எங்கைய விட இவன் கை சூடா இருக்கு, இவன செத்துட்டான்னு சொல்றாங்களே” என்று குழந்தை மாதிரி அழுதார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அறிவு ஏற்றுக்கொண்டாலும் மனம் ஏற்றுக்கொள்ளவில்லை, எனக்கும் அப்படித்தான் இருந்தது. முதலில் ஒப்புக்கொண்டவள் யோகேஸ்வரி. என் காதோடு சொன்னாள், “இது அவரு மூச்சு இல்லக்கா. அவரு மூச்சு எப்படிப் போவும்னு எனக்குத் தெரியும்” என்று. அதற்குப் பிறகுதான் எழுந்து போய் அந்த மிஸ்ஸியைக் கேட்டாள்.

அந்தத் தானத்து மிஸ்ஸி ஒரு மலாய்க்காரப் பெண்மணி, எங்களை ஒரு சின்ன அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தி, தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் பேசினார். அவர் சொன்னதைப் பிரேமலா எங்களுக்குத் தமிழில் சொன்னாள். அவர் பதிந்து வைத்தது அவருடைய ஆசை, அதை மதிக்கிறோம், ஆனாலும் குடும்பத்தைக் கேட்போம், குடும்பம் ஒருமித்துச் சொல்லாவிட்டால் தொடமாட்டோம். வைத்தியம் பார்த்த டாக்டர்கள் வேறு, உறுப்பு எடுக்கிறவர்கள் வேறு. வேண்டாம் என்றால் வேண்டாம், காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. இதைத்தான் நீ நச்சரிப்பு என்று எழுதியிருக்கிறாய். யோகேஸ்வரி சம்மதம் என்றாள். பிரேமலா சம்மதம் என்றாள். கட்டியவளும் பெற்ற பிள்ளையும் சொன்ன பிறகு முடிந்திருக்க வேண்டும் இல்லையா? காளியம்மா அத்தை எழுந்தார். உடம்பு முழுசாகப் போகவேண்டும், இல்லாவிட்டால் அடுத்த பிறப்பில் குறையோடு பிறப்பான் என்றார். சரி, பெரியவர், அது அவர் நம்பிக்கை என்று நான் வாயை மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் சிறுநீரகம் என்ற பேச்சு காதில் விழுந்ததும், “அப்படிக் குடுக்கறதா இருந்தா எம்மருமவனுக்குக் குடுக்கட்டுமே, அவனும்தான் டயாலிசிஸ்ல கெடக்கறான்” என்கிறார். அடுத்த பிறப்புக் குறை அதற்குள் எங்கே போனதோ! மிஸ்ஸி பொறுமையாகச் சொன்னார், யாருக்குப் போகவேண்டும் என்பது பட்டியல்படி, இரத்த வகையும் பொருத்தமும் காத்திருந்த காலமும் பார்த்துத்தான், இவருக்குத்தான் என்று நாம் கை காட்ட முடியாது, யாருக்குப் போனது என்று பெயரும் சொல்லமாட்டோம் என்று. “பேருகூட சொல்ல மாட்டாங்களாம், அப்ப என்னாத்துக்குக் குடுக்கறது” என்று அத்தை மறுபடியும் முழு உடம்புக்கே போய்விட்டார். வெளியே நின்ற சொந்தக்காரர் ஒருவர், அரசாங்கம் இதற்கு என்ன கொடுக்கும் என்று கேட்டார், செம்பனைக் குலைக்கு விலை கேட்கிற மாதிரி. ஒன்றும் கொடுக்காது, விற்றாலும் வாங்கினாலும் குற்றம் என்று மிஸ்ஸி சொன்னபோது எனக்கு வெட்கத்தில் தலை நிமிரவில்லை.

அப்போதுதான் உன் அப்பா அந்த வார்த்தையைச் சொன்னார். பெரியவன் வரட்டும் என்றார். சித்தப்பாவுக்கு ஆண்பிள்ளை இல்லை, இந்தக் குடும்பத்தில் முதல் ஆண்பிள்ளை நீ, கொள்ளி வைக்கப் போகிறவனும் நீ, அவனைக் கேட்காமல் எப்படி என்றார். நடைபாதையில் நின்ற ஆம்பளைகள் எல்லாம், “ஆமா லா, பெரியவன கேக்காம முடியுமா” என்று தலையாட்டினார்கள். மிஸ்ஸிக்கு ஒன்றும் புரியவில்லை. மனைவி சொல்லிவிட்டார், மகள் சொல்லிவிட்டார், இங்கிலாந்தில் இருக்கிற அண்ணன் மகனை ஏன் கேட்க வேண்டும் என்றார். கொள்ளி என்றால் என்ன என்று அப்பனைச் சாகக் கொடுத்துக்கொண்டிருந்த அந்தப் பிள்ளை மலாயில் விளக்கம் சொல்ல வேண்டியதாகிவிட்டது. அதைக் கேட்டுக்கொண்டு நின்றபோதுதான் எனக்கே உறைத்தது. நெருப்பு வைக்கிற உரிமை உனக்கு உண்டு, யாரும் அதைப் பிடுங்கவில்லை. கல்லீரலுக்கும் இருதயத்துக்கும் பதில் சொல்கிற உரிமை அதோடு எப்போது ஒட்டிக்கொண்டு வந்தது? யார் கொடுத்தது? நான் இதை வாய்விட்டே கேட்டேன். “நீ சும்மா இரு புஷ்பா” என்று உன் அப்பா ஒரே போடாகப் போட்டார். அவர் பிடித்த முயலுக்கு என்றைக்கும் மூன்றே கால்தான்.

உன்னைப் போனில் பிடித்தார்கள். எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்கள். “நான் வர்ற வரைக்கும் யாரும் எதையும் தொடக்கூடாது. நான் கண்ணால பாக்கணும்” என்றாய். கோர்ட்டில் தீர்ப்பு வந்த மாதிரி எல்லோரும் கலைந்து போனார்கள். சித்தியிடம் போனைக் கொடுங்கள், அவர் என்ன சொல்கிறார் என்று நீ கேட்கவே இல்லை. நீ மூச்சு வாங்க அழுதுகொண்டிருந்தாய், அது எனக்குத் தெரியும், சின்ன வயதில் உன்னைத் தோளில் தூக்கித் திரிந்த சித்தப்பா, அந்த நேரத்தில் உனக்கு மட்டும் நிதானம் வருமா. உன் அழுகைமேல் எனக்குக் கோபமில்லை. அழுதுகொண்டே அதிகாரம் பண்ணினாயே, அதன்மேல்தான் கோபம். நீ விமானம் ஏறினாய், போன் அணைந்தது. இங்கே மிஸ்ஸி வந்து வந்து பார்த்தார், அழுத்தம் இறங்குகிறது, மருந்து கூட்டியிருக்கிறோம், இப்படியே ரொம்ப நேரம் தாங்காது என்று சொன்னார், மறுபடி கேட்கவில்லை, தகவல்தான் சொன்னார். யோகேஸ்வரி உன் அப்பா எதிரில் போய் நின்று, “மாமா, அவரு ஆசப்பட்டது மாமா” என்றாள். அவ்வளவுதான் அவளால் பேச முடிந்தது. உன் அப்பா தரையைப் பார்த்தபடி, பெரியவன் வந்துகொண்டிருக்கிறான் என்றார். நீ எங்கேயோ மேகத்துக்கு மேலே இருந்தபோது இருதயம் தானாக நின்றுவிட்டது. சிறுநீரகம், ஈரல், எல்லாம் போயிற்று. யாரோ ஓர் ஆள் எங்கேயோ மெஷினில் உட்கார்ந்து போன் வரும் போன் வரும் என்று காத்திருந்திருப்பான். வேனில் ஏற்றி இறக்கியவருக்கு அந்த முகங்கள் தெரியும், அதனால்தான் பதிந்தார். அவர் ஒன்று நினைக்க நாம் ஒன்று செய்தோம்.

இன்னொன்றும் கேட்கிறேன், பதில் சொல். நீ இருக்கிற ஊரில், வேண்டாம் என்று பதியாதவர்கள் எல்லோரும் கொடுக்கச் சம்மதித்தவர்களாகத்தான் கணக்கு என்று நீதானே எனக்குச் சொன்னாய்? குடியேறிப் பல வருஷமாயிற்றே, நீ வேண்டாம் என்று பதிந்தாயா? கஸ்தூரியைக் கேட்டேன், இல்லையாம், அதெல்லாம் நல்ல சட்டம் என்று நீ பெருமைப்பட்டுக்கொள்வாயாம். ஆக உன் உடம்புக்கு லீட்ஸில் ஒரு நியாயம், வாய்திறந்து சொல்லிவிட்டுப் போன சித்தப்பாவுக்கு ஜொகூரில் ஒரு நியாயம். இங்கே சட்டம் பொல்லாததில்லை மகனே. வற்புறுத்தாமல் கேட்கிறார்கள், ஒருமித்துச் சொல்லுங்கள் என்கிறார்கள். நம்மால்தான் ஒருமித்துச் சொல்ல முடியவில்லை. இப்போது தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடிக்கிறாய், அதுவும் யார் வாலை, அந்தப் பொறுமைசாலி மிஸ்ஸியின் வாலை.

கோபத்தில் வீட்டுச் செய்தி எழுத மறந்துவிடுவேன், இப்போதே எழுதிவிடுகிறேன். மழை விட்டபாடில்லை, துணி காயவில்லை. செம்பனைக் காட்டுக் குரங்குகள் நம் ரம்புத்தானைப் பிஞ்சாகவே பிய்த்து எறிகின்றன, உன் அப்பா கவட்டையோடு நிற்கிறார், அவர் அடிக்கிற கல் பக்கத்து வீட்டுக் கூரையில் விழுகிறது, அந்த அம்மாள் நேற்று வந்து கேட்டுவிட்டுப் போனார். கஸ்தூரிக்கு இருமல் என்றாயே, இஞ்சியும் மிளகும் தட்டிப் போட்டுக் கஷாயம் வைத்துக் கொடு, அவளையே வைக்கச் சொல்லாதே. நீ தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு பனியில் போகாதே. அப்பா போனையே எடுப்பதில்லை, என்மேல் என்ன கோபம் என்று கேட்டிருந்தாய். உன்மேல் கோபம் ஒன்றுமில்லை. உன்னிடம் சொல்ல வேண்டிய ஒன்றைச் சொல்லாமல் வைத்திருக்கிறார், அதனால் உன் பெயர் போனில் வந்தாலே கொல்லைப்புறம் போய்விடுகிறார். அவர் சொல்வதாகத்தான் இருந்தது. அவர் சொல்வார் என்று காத்திருந்தால் நீ புகார் அனுப்பி, ஆஸ்பத்திரிக்காரர்கள் பதில் எழுதி, அதில் படித்துத் தெரிந்துகொள்வாய். அதைவிட நான் சொல்கிறேன். யோகேஸ்வரியையும் பிரேமலாவையும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

இருதயம் நின்ற பிறகு ஆம்பளைகள் எல்லாம் வண்டி பேசவும் மின்சுடலைக்கு நேரம் கேட்கவும் போய்விட்டார்கள், அத்தை சித்தப்பா வீட்டைக் கழுவிவிட செடெனாக்குக்குப் போய்விட்டார். நானும் யோகேஸ்வரியும் பிரேமலாவும் இருந்தோம். மிஸ்ஸி வந்து யோகேஸ்வரியின் கையைப் பிடித்துக்கொண்டு, உள்ளுறுப்புகளுக்கு இனி வழியில்லை, கண்ணின் கருவிழி மட்டும் இப்போதும் எடுக்கலாம், அதற்கும் நேரம் கொஞ்சம்தான், வேண்டாம் என்றால் இத்தோடு விட்டுவிடலாம் என்றார். யோகேஸ்வரி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் பயத்தைத் தவிர ஒன்றுமில்லை, மறுபடியும் யாரைக் கேட்க வேண்டுமோ என்ற பயம். எனக்கு வந்ததே ஆத்திரம், நேராக உன் அப்பாவைத் தேடிப் போனேன். கார் நிறுத்துகிற இடத்தில் ஒரு மரத்தடியில் தனியாக உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். இந்தத் தடவையும் பெரியவன் என்று வாயைத் திறந்தால் நான் என்ன பேசுவேன் என்று எனக்கே தெரியாது என்றும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. சட்டைப் பைக்குள் கைவிட்டு சித்தப்பாவின் கண்ணாடியை எடுத்தார். ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது கழற்றிக் கொடுத்ததைப் பையிலேயே வைத்திருந்திருக்கிறார். வேட்டி நுனியால் துடைத்து என் கையில் வைத்தார். “இது இனிமே அவனுக்கு வேணாம் புஷ்பா. யோகேஸ்வரி சொன்னத செய்யச் சொல்லு. பெரியவன்கிட்ட நான் சொல்லிக்கிறேன்” என்றார். சித்தி சம்மதம் என்றாள், கண்ணைக் கொடுத்தோம்.

அதற்குப் பிறகுதான் நீ வந்தாய். பெட்டியருகில் நின்று, கண்ணாடி இல்லாமல் சித்தப்பா முகம் யாரோ மாதிரி இருக்கிறது, கண்ணாடி எங்கே என்று கேட்டவன் நீதான். என் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். நீயே போட்டுவிட்டாய். உன் விரல் அவர் இமைமேல் பட்டது, எனக்கு உயிரே போய்விட்டது. உனக்கு ஒன்றும் தெரியவில்லை. “எந்தம்பி தூங்கற மாதிரியே இருக்கானே” என்று அத்தை கன்னத்தைத் தடவி அழுதார். அவருக்கும் தெரியவில்லை. அவ்வளவு சுத்தமாக, அவ்வளவு மரியாதையாகச் செய்து கொடுத்தார்கள், நீ புகார் எழுதப் போகிற அந்த ஆட்கள்தான். முழு உடம்பாகப் போனார் என்று நீ எழுதியதைப் படித்துத்தான் யோகேஸ்வரி சோற்றை விட்டாள். உனக்குத் தெரிந்தால் என்ன சொல்வாயோ, அத்தைக்குத் தெரிந்தால் என்ன சாபம் விடுவாரோ, அடுத்த பிறப்பில் அவருக்கு உண்மையிலேயே பார்வை இல்லாமல் போய்விடுமோ என்று கலங்குகிறாள். கண்ணைக் கொடுத்தவனுக்குச் சாமி கண்ணைப் பிடுங்குமா, அப்படிப் பிடுங்கினால் அது என்ன சாமி என்று அதட்டினேன். கேட்டுக்கொண்டாள், ஆனாலும் சாப்பிடவில்லை. முந்தாநாள் கூலாய் பாசார் மாலாமுக்கு, அந்த இரவுச் சந்தைக்கு, இழுத்துப் போனேன், போகிற வருகிறவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். யாருக்குப் போனது என்று நமக்கு எப்போதும் தெரியாது, தெரியவும் கூடாது, வா என்று கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

ஆகையால் இந்தக் கடிதத்தை மடித்து வைத்ததும் நீ செய்ய வேண்டியது இதுதான். சித்திக்குப் போன் போடு. மன்னிப்பு அது இதுவென்று நாடகம் வேண்டாம், அவளுக்கு அழுகைதான் வரும். சித்தி, நீங்க செஞ்சது சரி என்று சொல். உன் வாயால் கேட்டால்தான் அவளுக்குச் சோறு இறங்கும், இந்தக் குடும்பத்தில் அப்படி ஒரு கிறுக்குத்தனம் இருக்கிறது, பெரியவன் சொன்னால்தான் செல்லும். அது இருக்கிறவரை அதை நல்ல காரியத்துக்காவது பயன்படுத்து. அத்தையிடம் எப்போது சொல்வது என்று சித்தி முடிவு பண்ணட்டும், நீ முந்திரிக்கொட்டை மாதிரி முந்தாதே.

கடைசியாக என் விஷயம். பிரேமலாவை உட்கார வைத்து நானும் போனில் பதிந்துவிட்டேன். இந்தக் கிழவியின் சாமான் எதற்கு ஆகும் என்று சிரிக்காதே, அதை டாக்டர்கள் பார்த்துக்கொள்வார்கள். நாளைக்கு எனக்கு ஒன்று ஆனால் அவர்கள் உன் அப்பாவையும் உன்னையும்தான் கேட்பார்கள். அப்பாவுக்குச் சொல்லிவிட்டேன். உன்னைக் கூப்பிட்டால் மீட்டிங்காக இருந்தாலும் போனை எடு. சரி என்று சொல். அழுகை வந்து சொல்ல முடியாவிட்டால், என் சித்தியைக் கேளுங்கள், அவர் சொல்வதுதான் என் பதில் என்று சொல்லிவிட்டு வைத்துவிடு. ஒரு தடவை அவள் சொன்ன வார்த்தையை நடைபாதையில் நின்று எல்லோரும் தள்ளிவிட்டார்கள். என் தடவையில் அவள் சொல்லட்டும், மற்றவர்கள் கேட்டுக்கொள்ளட்டும்.

நீயும் கஸ்தூரியும் நோய்நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் துணையாக, நிறைவாக வாழ வேண்டும் என்று அம்மா அப்பாவின் ஆசீர்வாதம். மிளகாய்த் தூளும் நெத்திலிக் கருவாடும் தனிப் பொட்டலமாக அனுப்பியிருக்கிறேன், கருவாட்டை வெளியே வைத்து வறு, போன தடவை மாதிரி அலாரம் அடித்துக் கட்டிடத்தையே கூட்டாதே. ஒன்றை மட்டும் மறக்காதே. எனக்குக் கொள்ளி நீதான் வைக்க வேண்டும். அதற்கு நீ மெதுவாக வா, எத்தனை நாளானாலும் என்னைப் பெட்டியில் போட்டுக் காத்திருப்பார்கள். மற்றதற்கு உனக்காக யாரும் காத்திருக்க வேண்டாம், சித்தி இருக்கிறாள்.

இப்படிக்கு, உன்னைத் திட்டினாலும் உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா புஷ்பவள்ளி

படித்துப் பார்த்தேன். நடந்தது இதுதான். நான் சொல்லியிருக்க வேண்டும். சித்திக்குப் போன் போடு.
அப்பா தங்கராஜு